லயக் காம்பராவில் ஒரு சேர்வர் அறை

கணினிக் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பலவும் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: கையில் இருப்பது ஒரு மடிக்கணினி, கற்க விரும்புவது சேர்வர் வேலை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துப் பதில் எழுதுகிறேன். தொடக்கம் வட்டவளையிலிருந்து.

கேள்வி: ஹட்டனில் வலையமைப்புப் பாடம் படிக்கிறேன். ‘ஹைப்பர்வைசர் ஒன்றை நிறுவிப் பழகி வாருங்கள்’ என்கிறார் ஆசிரியர். ஒரு சேர்வர் வாங்கும் காசில் எங்கள் லயத்துக்கே தகரம் மாற்றிவிடலாம். என்னிடம் இருப்பது 16 ஜீபி ரேம் உள்ள ஒரு லெப்டொப் மட்டுமே. வழி உண்டா?
— மாணவி, வட்டவளை

பதில்: உண்டு. சேர்வரை வாங்க வேண்டாம், லெப்டொப்புக்குள்ளேயே கட்டுங்கள்.

லெப்டொப்பில் வின்டோஸ் ஓடுகிறது. அதில் வீஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் அல்லது வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, உள்ளே ஒரு மெய்நிகர்க் கணினியை உருவாக்குங்கள். வழக்கமாக அதில் வின்டோஸையோ லினக்ஸையோ நிறுவுவோம். நீங்கள் அதில் சேர்வருக்கான ஹைப்பர்வைசரையே நிறுவுங்கள். அது தன்னை ஓர் உண்மையான சேர்வரில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, தனக்குள் இன்னும் இரண்டு மூன்று சின்னக் கணினிகளை ஓட்டும்.

ஒரே காம்பராவை மறைப்பு வைத்து இரண்டாக்கி, இஸ்தோப்பை அடைத்து அடுப்படியாக்கிக் குடும்பம் நடத்திய நம் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடம் ஒன்று, குடித்தனம் மூன்று. இடம் நெருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் குடித்தனம் உண்மையான குடித்தனம். நீங்கள் கற்கும் வேலையும் உண்மையான வேலை.

கேள்வி: ஹைப்பர்வைசர் என்ற பெயரே மிரட்டுகிறது. அப்படியென்றால் என்ன?
— ஆசிரியர், டிக்கோயா

பதில்: பழைய பெரிய கணினிகளில் இயங்குதளத்தின் மையப் பகுதியைச் ‘சுப்பர்வைசர்’ என்றார்கள். பல சுப்பர்வைசர்களை ஒரே இயந்திரத்தில் ஓட்டி, அவற்றுக்கு மேலே நின்று பங்கு பிரிப்பதற்கு ஒன்று வந்தபோது அதற்கு ‘ஹைப்பர்வைசர்’ என்று பெயர் வைத்தார்கள். ‘சுப்பர்’ லத்தீன், ‘ஹைப்பர்’ கிரேக்கம். இரண்டுக்கும் பொருள் ‘மேலே’ என்பதே.

தோட்டத்துப் பழைய கணக்கில் சொன்னால், சில்லறைக் கங்காணி ஒவ்வொருவருக்கும் ஒரு பிரட்டு ஆட்கள் உண்டு. அத்தனை சில்லறைக் கங்காணிகளுக்கும் மேலே ஒரு பெரிய கங்காணி. வின்டோஸும் லினக்ஸும் சில்லறைக் கங்காணிகள். ஹைப்பர்வைசர் பெரிய கங்காணி.

இதில் இரண்டு வகை. ஒன்று, வெறும் இயந்திரத்தில் நேரே அமர்வது: வீஎம்வெயார் ஈஎஸ்எக்ஸ்ஐ, புரொக்ஸ்மொக்ஸ் போன்றவை. சேர்வர் அறைகளில் இருப்பது இந்த வகை. மற்றது, ஏற்கெனவே ஓடும் வின்டோஸின் மேல் ஒரு மென்பொருளாக அமர்வது: வேர்ச்சுவல்பொக்ஸ், வேர்க்ஸ்டேஷன் போன்றவை. இரண்டாம் வகைக்குள் முதல் வகையை வைத்துப் பழகுவதுதான் நம் இன்றைய பேச்சு.

கேள்வி: கணினிக்குள் கணினி, அதற்குள் இன்னொரு கணினி. இது யாரோ விளையாட்டாகக் கண்டுபிடித்த வித்தையா, உண்மையான வேலைக்கு வந்ததா?
— இளைஞர், கொட்டகலை

பதில்: பிறந்ததே சோதனை வேலைக்காகத்தான். 1960களின் பிற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில், ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் மென்பொருளை எழுதினார்கள். அதன் புதிய பதிப்பைச் சோதிக்க வேண்டும். கணினியோ கோடிக்கணக்கில் விலை. அதை நிறுத்திவிட்டுச் சோதித்தால் அத்தனை பேரின் வேலையும் நின்றுபோகும். எனவே பழைய பதிப்புக்குள் புதிய பதிப்பை ஓட்டினார்கள். உள்ளே இருப்பது விழுந்தாலும் வெளியே இருப்பது நிற்கும். 370 வரிசைக் கணினியின் வன்பொருள் கைக்கு வருமுன்பே, அதற்கான மென்பொருளை இப்படி அடுக்கடுக்காக ஓட்டி எழுதிவிட்டார்கள். அந்த வழியில் 1972 ஓகஸ்ட் 2ஆம் திகதி அறிவிக்கப்பட்டதுதான் வீஎம்/370.

1974இல் போபெக், கோல்ட்பேர்க் என்ற இரு ஆய்வாளர்கள், எந்த வகைக் கணினியில் இது முறையாக நடக்கும் என்பதைக் கணித முறையில் எழுதிவைத்தார்கள். ‘தனக்குள் தன்னையே ஓட்டுவது’ எப்போது இயலும் என்பதற்கும் அந்தக் கட்டுரையில் ஒரு தேற்றம் உண்டு. ஐம்பது வருடத்துக்கு முன் ஐபிஎம் பொறியியலாளர் செய்ததை நீங்கள் கொட்டகலையில் உட்கார்ந்து செய்யப் போகிறீர்கள். நோக்கமும் அதேதான்: ஓடுகிற வேலையைக் கெடுக்காமல் புதியதைப் பரிசோதிப்பது.

கேள்வி: 1972இலேயே வந்ததென்றால், சாதாரணக் கணினிக்கு வர ஏன் இத்தனை காலம்?
— அதே இளைஞர்

பதில்: நம் மேசைக் கணினிகளின் புரொசசர் அதற்காக வடிவமைக்கப்படவில்லை. பென்டியம் புரொசசரில் 17 கட்டளைகள், மேலிடத்துக்குத் தெரிவிக்காமலே தாமாக வேறு பதில் சொல்லிவிடும் என்று 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது. கீழே நடப்பது தெரியாவிட்டால் பெரிய கங்காணி எப்படி மேற்பார்வை செய்வார்? 1998இல் தொடங்கிய வீஎம்வெயார் நிறுவனம், அந்தக் கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து மாற்றி எழுதும் முறையால் 1999இல் தன் முதல் வேர்க்ஸ்டேஷனை வெளியிட்டது. 2005 நவம்பரில் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் விடி-எக்ஸ், ஏஎம்டி-வி என்ற பெயர்களில் புரொசசருக்குள்ளேயே இந்த வசதியை வைத்த பிறகு வேலை இலகுவாயிற்று. 2007இல் லினக்ஸின் கருவுக்குள் (கேர்னல்) கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தது.

இருந்தும் ஒரு சிக்கல் மீதி. புரொசசருக்கு ஒரே ஒரு ஹைப்பர்வைசரைத்தான் தெரியும். உள்ளே இரண்டாவது ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. 2010இல் ஐபிஎம்மின் ஹைஃபா ஆய்வுகூடத்தார் ‘டேர்ட்டில்ஸ்’ என்ற திட்டத்தில் இன்டெல் புரொசசருக்கு இதை அவிழ்த்துக் காட்டினார்கள். உலகத்தை ஓர் ஆமை தாங்குகிறது, அதை இன்னோர் ஆமை, அதையும் இன்னோர் ஆமை என்ற பழங்கதையிலிருந்து வந்த பெயர் அது. உள் ஹைப்பர்வைசர் புரொசசரிடம் நேரே பேசுவதாக நினைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையையும் வெளி ஹைப்பர்வைசர் இடையில் வாங்கி, தானே செய்துகொடுத்து, பதிலை உள்ளே அனுப்புகிறது.

கேள்வி: இடையில் ஆள் வைத்தால் தாமதம்தானே? எவ்வளவு மெதுவாகும்?
— வலையமைப்புப் பணியாளர், ஹட்டன்

பதில்: தாமதம் உண்டு. உள் கணினியில் நிகழும் ஒரு சிறு நிறுத்தம் வெளியே பல நிறுத்தங்களாகப் பெருகும். டேர்ட்டில்ஸ் குழு நன்றாகச் செதுக்கிய பிறகு, வழக்கமான சில வேலைகளில் ஒற்றை அடுக்கோடு ஒப்பிடும்போது 6 முதல் 8 வீதம் வரைதான் குறைந்தது. 2013இல் வந்த இன்டெல் புரொசசர்கள் இந்த இடைவேலையில் ஒரு பங்கை வன்பொருளிலேயே செய்யத் தொடங்கின. ஆனால் உங்கள் லெப்டொப்பில் கழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் புரொசசராக இருக்காது. டிஸ்க்கும் ரேமும்தான். பழைய சுழல்தட்டு ஹார்ட்டிஸ்க் என்றால் இந்தப் பயிற்சி பொறுமைக்குச் சோதனை. எஸ்எஸ்டி ஒன்றுக்கு முதலில் காசு ஒதுக்குங்கள்.

வேகத்தை அளக்க இந்த ஆய்வுகூடம் உதவாது. சரியாக நடக்கிறதா, நடக்காதா என்று அறிய உதவும்.

கேள்வி: ஈஎஸ்எக்ஸ்ஐயா, புரொக்ஸ்மொக்ஸா? ஒன்றைச் சொல்லுங்கள்.
— பட்டதாரி, நோர்வூட்

பதில்: முதல் முறை என்றால் புரொக்ஸ்மொக்ஸ்.

காரணம் சொல்கிறேன். வீஎம்வெயாரை புரோட்கொம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கி முடித்தது. 2024 பெப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ நிறுத்தப்பட்டது. அதை நம்பிப் பழகிய உலகத்து மாணவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் அது திரும்பி வந்தது. ஆனால் பல சேர்வர்களை ஒன்றாக நிர்வகிக்கும் மத்திய மென்பொருளோடு இணைக்க முடியாது என்பது போன்ற கட்டுப்பாடுகளோடு வந்தது. ஈஎஸ்எக்ஸ்ஐ 8க்குக் குறைந்தது 2 கோர், 8 ஜீபி ரேம், 32 ஜீபி டிஸ்க் வேண்டும். வன்பொருள் விஷயத்திலும் அது கண்டிப்பானது. வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் அதை ஓட்டுவதைவிட வேர்க்ஸ்டேஷனுக்குள் ஓட்டுவது இலகு. வேர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் எல்லாருக்கும் இலவசம்.

புரொக்ஸ்மொக்ஸ் ஒஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்தது. முதல் பதிப்பு 2008. டெபியன் லினக்ஸின் மேல் கேவிஎம்மை வைத்துக் கட்டியது, திறந்த மூலம். அதற்குள் புகுந்தால் லினக்ஸும் கூடவே கைக்கு வரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நிறுவியவுடன் ‘அப்டேட்’ செய்தால் பிழை காட்டும். கட்டணச் சந்தாதாரருக்கான களஞ்சியம் இயல்பாகத் திறந்திருப்பதே காரணம். அதை அணைத்துவிட்டு, ‘சந்தா இல்லாதோர்’ களஞ்சியத்தைச் சேர்த்துவிடுங்கள்.

வேலைக்குப் போகும் இடத்தில் வீஎம்வெயார் ஓடுகிறது என்று தெரிந்தால் ஈஎஸ்எக்ஸ்ஐயையும் பழகுங்கள். ஒன்றில் வலையமைப்பு, சேமிப்பு, ஸ்னப்ஷொட் (கணினியின் அந்த நேர நிலையைப் பதிந்து வைப்பது) மூன்றும் பிடிபட்டால் மற்றதில் மாறுவது பெயர்களும் பொத்தான்களும்தான்.

கேள்வி: வேர்க்ஸ்டேஷனில் ஹைப்பர்வைசரை ஏற்றப் போனால், ‘இந்தத் தளத்தில் விடி-எக்ஸ் வசதி இல்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பிழை வருகிறது. பயோஸில் போட்டும் ஆயிற்று. என் லெப்டொப் பழுதா?
— மாணவர், கினிகத்தேனை

பதில்: பழுதில்லை. கதவுக்குப் பின்னால் வேறு ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் டாஸ்க் மனேஜரில் ‘பெர்போமன்ஸ்’ பக்கம் போய் சிபியூவைப் பாருங்கள். ‘வேர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்’ என்று இருந்தால் பயோஸ் சரி. அடுத்தது, வின்டோஸ் 11 பல கணினிகளில் தன் பாதுகாப்புக்காகத் தன்னுடைய ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வியைத் தானே பின்னால் ஓட்டுகிறது. பெரிய கங்காணி நாற்காலியில் அது அமர்ந்துவிட்டதால், புரொசசரின் வசதியை வேர்க்ஸ்டேஷனால் உள்ளே கடத்த முடியவில்லை.

‘வின்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘கோர் ஐசொலேஷன்’ என்ற பகுதிக்குள் ‘மெமரி இன்டெக்ரிட்டி’யை அணையுங்கள். ‘வின்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் ஹைப்பர்-வி, ‘வேர்ச்சுவல் மெஷின் பிளட்ஃபோம்’, ‘வின்டோஸ் ஹைப்பர்வைசர் பிளட்ஃபோம்’ மூன்றின் குறியையும் எடுங்கள். மீண்டும் தொடங்குங்கள். பிறகு உங்கள் மெய்நிகர்க் கணினியின் புரொசசர் அமைப்பில், விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி வசதியை உள்ளே கொடுக்கும் கட்டத்தில் குறியிடுங்கள். வேர்ச்சுவல்பொக்ஸிலும் அதே பகுதியில் இதற்கான கட்டம் உண்டு, ஏஎம்டிக்கு 6.0 பதிப்பிலும் இன்டெலுக்கு 6.1 பதிப்பிலும் வந்தது. அதன் கீழ்ப்பட்டியில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், ஹைப்பர்-வி இன்னும் எழுந்து போகவில்லை என்று அர்த்தம்.

ஒரு கவனம். மெமரி இன்டெக்ரிட்டி வீண் அலங்காரம் இல்லை, தீய மென்பொருளிடமிருந்து காப்பது. வீட்டில் வங்கிக் கணக்குப் பார்ப்பதும் அதே கணினி என்றால், பயிற்சி முடிந்ததும் அதைத் திரும்பப் போடுங்கள். அல்லது தனி எஸ்எஸ்டியில் லினக்ஸ் நிறுவி அதில் பழகுங்கள். இப்போதைய லினக்ஸ் கருக்களில் கேவிஎம்மின் அடுக்கு வசதி இயல்பாகவே திறந்திருக்கும்.

கேள்வி: 16 ஜீபியை எப்படிப் பங்கு போடுவது? என் தம்பியிடம் 8 ஜீபிதான். அவனுக்கு ஒன்றும் இல்லையா?
— மாணவி, வட்டவளை

பதில்: 16 ஜீபியில் 8ஐ உள் ஹைப்பர்வைசருக்குக் கொடுங்கள், மீதி வின்டோஸுக்கு. அந்த 8க்குள் தலா 2 ஜீபியில் இரண்டு லினக்ஸ் கணினிகள் தாராளமாக ஓடும். அகப்பை கொள்ளும் அளவே சோறு: இருக்கும் ரேமை விடக் கூடுதலாகப் பங்கு போட்டால், இயங்குதளம் டிஸ்க்கை ரேமாகப் பாவிக்கத் தொடங்கி, எல்லாம் ஊரும். டிஸ்க்கை ‘தேவைக்கேற்ப வளரும்’ வகையாக வையுங்கள். 60 ஜீபி என்று எழுதினாலும் போட்டதுதான் இடம் பிடிக்கும்.

தம்பிக்கும் வழி உண்டு. புரொக்ஸ்மொக்ஸில் முழுக் கணினிகளோடு கூட, ‘கொன்டெய்னர்’ என்ற இலேசான வகையும் இருக்கிறது. அதற்குத் தனிக் கரு வேண்டாம். புரொசசரின் அடுக்கு வசதியும் வேண்டாம். 3 ஜீபியை புரொக்ஸ்மொக்ஸுக்குக் கொடுத்து, அதற்குள் அரை ஜீபிக் கொன்டெய்னர்கள் மூன்றை ஓட்டட்டும். விடி-எக்ஸ் கடைசிவரை மசியாத கணினியில்கூட இது நடக்கும்.

கேள்வி: ஹைப்பர்வைசர் ஏறிவிட்டது. ஆனால் அதற்குள் இருக்கும் கணினிக்கு இன்டர்நெட் இல்லை. வீட்டில் வேலை செய்த முகப்புப் பக்கம், ஹட்டன் போடிங்குக்கு வந்தால் திறக்கவும் மாட்டேன் என்கிறது.
— மாணவர், மஸ்கெலியா

பதில்: இரண்டு வேறு நோய்கள், மருந்து தனித்தனி.

முதல் நோய்: ஒவ்வொரு வலையட்டைக்கும் ஒரு மெக் முகவரி உண்டு. உள்ளே இருக்கும் கணினி தன் சொந்த முகவரியோடு பொட்டலத்தை அனுப்புகிறது. வெளி அடுக்கு, ‘இந்த முகவரியை எனக்குத் தெரியாதே’ என்று கைவிடுகிறது. வேர்ச்சுவல்பொக்ஸின் வலையட்டை அமைப்பில் ‘புரொமிஸ்கியஸ் மோட்’ என்பதை எல்லாவற்றையும் அனுமதிக்கும்படி மாற்றுங்கள். ஈஎஸ்எக்ஸ்ஐக்குள் ஈஎஸ்எக்ஸ்ஐ வைத்தால், வெளி ஸ்விட்ச்சில் அதையும் ‘ஃபோர்ஜ்ட் டிரான்ஸ்மிட்ஸ்’ என்பதையும் அனுமதிக்க வேண்டும்.

இரண்டாம் நோய்: நீங்கள் ‘பிரிட்ஜ்’ முறையில் வைஃபையோடு இணைத்திருப்பீர்கள். வைஃபை பெட்டி, தன்னிடம் பதிந்த முகவரியை மட்டும் ஏற்கும். அடுக்குக்குள் இருந்து வரும் முகவரிகளை ஏற்காது. அத்தோடு புரொக்ஸ்மொக்ஸ் நிறுவும்போது கொடுத்த ஐபி முகவரியை அப்படியே பிடித்துக்கொள்ளும். வீட்டு வலையமைப்பும் போடிங் வலையமைப்பும் வேறு வேறு என்பதால், அதன் முகப்புப் பக்கம் இருக்கும் 8006ஆம் கதவு (போர்ட்) திறப்பதில்லை. வேர்க்ஸ்டேஷனில் ‘நாட்’ முறைக்கு மாறி, அந்த வலையமைப்புக்குள் ஒரு நிலையான முகவரியைக் கொடுங்கள். அது உங்கள் லெப்டொப்புக்குள்ளேயே இருக்கும் வலையமைப்பு. மஸ்கெலியாவானாலும் ஹட்டனானாலும் மாறாது.

கேள்வி: எங்கள் பக்கம் மழை பிடித்தால் கரண்ட் போவது வழக்கம். திடீரென்று அணைந்தால் எல்லாம் போய்விடுமா?
— இளைஞர், வட்டவளை

பதில்: நாட்டிலேயே மழை மிகுந்த ஊர்களில் ஒன்று உங்களுடையது. லக்ஷபானவும் நோட்டன்பிரிட்ஜும் பக்கத்தில் மின்சாரம் எடுத்தாலும், மரம் விழுந்தால் உங்கள் கம்பியும் அறும். 2022 மார்ச் கடைசியில் நாடே ஒரு நாளில் 13 மணி நேரம் இருளில் இருந்ததையும் கண்டோம். எனவே இது வட்டவளைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

உள் கணினி ‘எழுதிவிட்டேன்’ என்று நினைக்கும் தரவு, உள் ஹைப்பர்வைசர், வெளி ஹைப்பர்வைசர், வின்டோஸ் ஆகிய மூன்றையும் தாண்டித்தான் டிஸ்க்கைத் தொடுகிறது. நடுவில் கரண்ட் போனால் எந்தப் படியில் நின்றது என்று சொல்ல முடியாது. லெப்டொப் என்றால் பெட்டரி காப்பாற்றும். பெட்டரி 30 வீதத்துக்கு இறங்குமுன் அணைத்துவிடுங்கள். மேசைக் கணினி என்றால் சிறிய யூபிஎஸ் ஒன்று அவசியம். இடி மின்னல் வேளையில் சுவரிலிருந்து வயரையே கழற்றிவிடுங்கள்.

அணைக்கும் ஒழுங்கு உள்ளிருந்து வெளியே: முதலில் சின்னக் கணினிகள், பிறகு ஹைப்பர்வைசர், கடைசியில் வின்டோஸ். ஸ்னப்ஷொட் எடுக்கும்போதும் உள்ளே இருப்பவற்றை அணைத்துவிட்டு எடுங்கள். அடுக்குக்குள் அடுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஸ்னப்ஷொட் சரியாக எழும்பும் என்று நம்ப முடியாது.

கேள்வி: ஸ்னப்ஷொட் இருந்தால் பெக்கப் எதற்கு?
— வாசகர், நானுஓயா

பதில்: ஸ்னப்ஷொட் அதே டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கேள்வி: எங்கள் சிக்கனக் கடன் சங்கத்துக் கணக்கை இப்படி அடுக்கில் ஓட்டினால் ஒரே கணினியில் எல்லாம் முடியுமே?
— சங்கச் செயலாளர், தலவாக்கலை

பதில்: வேண்டாம். உங்கள் ஊர் செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில்தான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய நிலையம். அவர்கள் ஒரு புதிய இனத்தை எடுத்த எடுப்பில் நாடு முழுக்க மலையில் நடச் சொல்வதில்லை. நாற்றுமேடையில் நிழல் கொடுத்து வளர்த்து, பரிசோதனை நிலத்தில் பார்த்து, பிறகுதான் மலைக்கு. அடுக்கு ஹைப்பர்வைசர் உங்கள் நாற்றுமேடை. நாற்றுமேடையில் கொழுந்தெடுக்க முடியாது.

வீஎம்வெயாரும் இந்த அடுக்கு முறையை உண்மையான சேவைக்கு ஆதரிப்பதில்லை. பிழை வந்தால் எந்த அடுக்கில் வந்தது என்று தேடவே ஒரு நாள் போகும். உறுப்பினர் காசு சம்பந்தப்பட்ட கணக்கை நேரடியான ஒரு கணினியில் வைத்து, தினமும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். அந்தப் பிரதி திறக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் உங்கள் அடுக்கைப் பயன்படுத்துங்கள். அதற்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

கேள்வி: எல்லாம் நிறுவிவிட்டேன். இனி எதைப் பரிசோதிப்பது? வெறுமனே ஓடிக்கொண்டிருக்கிறது.
— மாணவி, பொகவந்தலாவை

பதில்: இந்த மாதக் கேள்விகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். நிறுவுவதோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். உடைத்துப் பார்த்துத் திரும்பக் கட்டுபவர்கள்தான் சேர்வர் அறைக்குத் தேவை.

ஏன் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைச் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5,000 அதில் சிக்கின. சேவை திரும்ப எழும்பியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. நூறு நாளுக்கு மேற்பட்ட காலத்துக்கு மீட்கக்கூடிய பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சல் மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கும் திட்டம் முன்பே இருந்தும் நிதி, முடிவு என்று தள்ளிப் போயிருந்தது. ஒரு நாட்டின் நிர்வாகக் கடிதங்கள் அவை.

இதில் எனக்குத் தெரியும் பாடம் ஒன்றுதான். பிரதி எடுக்கிறோம் என்று நம்புவது வேறு, பிரதியிலிருந்து மீட்டுப் பார்ப்பது வேறு. மீட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும். ஓடுகிற சேர்வரில் அதைச் செய்ய எவருக்கும் துணிவு வராது. அந்த இடம்தான் உங்கள் லெப்டொப்புக்குள் இருக்கிறது.

எனவே இந்த நான்கையும் செய்து பாருங்கள். ஒன்று: ஒரு சின்னக் கணினியில் சில கோப்புகளை வைத்து, பெக்கப் எடுத்து, கணினியையே அழித்துவிட்டு, பெக்கப்பிலிருந்து எழுப்புங்கள். எத்தனை நிமிடம் எடுத்தது என்று எழுதுங்கள். இரண்டு: புரொக்ஸ்மொக்ஸின் பழைய பதிப்பை நிறுவிப் புதிய பதிப்புக்கு உயர்த்துங்கள். பாதியில் வேண்டுமென்றே அணைத்து, என்ன ஆகிறது என்று பாருங்கள். மூன்று: ரேம் இடம் கொடுத்தால் மூன்று புரொக்ஸ்மொக்ஸ்களை ஒரு கூட்டமாக இணைத்து ஒன்றை விழுத்துங்கள். மீதி இரண்டும் பெரும்பான்மை வாக்கோடு தொடரும். இரண்டு மட்டும் உள்ள கூட்டத்தில் ஒன்று விழுந்தால், தனியாக நிற்பதற்குப் பெரும்பான்மை இல்லை. அது மாற்றம் எதையும் ஏற்காது. இதைப் புத்தகத்தில் படித்தால் மறக்கும், கண்ணால் பார்த்தால் மறக்காது. நான்கு: டிஸ்க்கை நிரப்பிவிடுங்கள். நிரம்பிய டிஸ்க்கில் ஒரு சேர்வர் எப்படித் திணறுகிறது என்பதை ஒரு தடவை பார்த்தவர், வேலைக்குப் போன முதல் நாளே டிஸ்க்கின் அளவைத்தான் பார்ப்பார்.

கேள்வி: மகன் இரவு பத்து மணிக்கும் லெப்டொப்பை மூடுவதில்லை. ‘சேர்வரை உடைத்துக் கட்டுகிறேன்’ என்கிறான். நான் கொழுந்து பறிக்கப் போகிறவள். இதில் அவனுக்கு வேலை கிடைக்குமா ஐயா?
— ஒரு தாய், வட்டவளை

பதில்: அம்மா, கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் மகன் வீண் வேலை செய்யவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். வங்கி, வைத்தியசாலை, தொழிற்சாலை பலவற்றிலும் சேர்வர்கள் ஹைப்பர்வைசரின் மேல்தான் ஓடுகின்றன. நேர்முகத் தேர்வில் சான்றிதழைப் பார்த்த பிறகு, ‘உடைந்துபோன ஒன்றை நீங்கள் எழுப்பியது உண்டா?’ என்று கேட்பார்கள். கொழும்பில் வசதியான வீட்டுப் பிள்ளை என்றாலும் அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அவனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். எதை உடைத்தான், ஏன் உடைந்தது, எப்படிக் கட்டினான் என்று திகதி போட்டு எழுதச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும். செக்ரோலில் பேர் விழுவது எப்படி ஒரு நாள் உழைப்புக்குச் சாட்சியோ, அப்படி அந்தக் கொப்பி அவன் உழைப்புக்குச் சாட்சி. பத்து மணிக்கு மூடச் சொல்லுங்கள், அதுவும் சரிதான். தூங்காத கண்ணோடு சேர்வரைத் தொடக் கூடாது.

கேள்வி: இவ்வளவும் படித்தாயிற்று. இன்றிரவு நான் செய்ய வேண்டியது என்ன?
— மாணவர், ராகலை

பதில்: டாஸ்க் மனேஜரைத் திறந்து ‘வேர்ச்சுவலைசேஷன்’ இருக்கிறதா என்று பாருங்கள். நாளை புரொக்ஸ்மொக்ஸை இறக்கி நிறுவுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கணினியை உள்ளே ஓட்டி, பெக்கப் எடுத்து, அழித்து, மீட்டுப் பாருங்கள். மீட்க எடுத்த நிமிடங்களை எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த கேள்வி - பதிலை அந்த எண்களோடு தொடங்குவோம்.